போர் மோட்டார் தேய்மானம்: தூக்குவதற்கு முன்பே தடுக்கலாம்

சித்திரை வெயிலில் ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கம் ஒரு போர் மோட்டார் நின்றுபோனால், மரவள்ளி வாடும். கோழிப்பண்ணைத் தொட்டி காலியாகும். விவசாய மின்சாரம் இலவசம்தான். ஆனால் பல நூறு அடி பைப்பை மேலே இழுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்கும் செலவு நம் கையிலிருந்துதான் போகணும். கொஞ்சம் கவனித்தால் இந்தச் செலவைப் பல வருஷம் தள்ளிப்போடலாம்.

ஏன் தேய்கிறது?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்றுப்படுகை மணலில் நிற்பது போல இங்கே தண்ணீர் பரவி நிற்காது. பாறை வெடிப்புகள் வழியாகத்தான் ஊறி வரும். கோடையில் ஊற்று வருவதைவிட மோட்டார் வேகமாக இறைத்தால், சற்று நேரத்தில் போர் வற்றிவிடும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சப்மெர்சிபிள் பம்புக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் எண்ணெய். புஷ்களை வழுவழுப்பாக வைப்பதும், மோட்டாரின் சூட்டை எடுப்பதும் அதுவே. தண்ணீர் இல்லாமல் ஓடினால் புஷ் தேயும், இம்பெல்லர் உரசும், கடைசியில் காயில் கருகும். பாறைத்தூளும் மணலும் சேர்ந்து வந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி உள்பாகங்களை அராவிவிடும். விசைப்படகு எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பும் இதே இரண்டு காரணங்களால்தான் தேய்கிறது. படகுக்காரர் அதைக் கையால் கழற்றிப் பார்க்கலாம். நம்முடையது பூமிக்கு அடியில் இருப்பதால், வெளியில் தெரியும் அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

மாதம் ஒருமுறை மூன்று சோதனை

1. டிரம் கணக்கு: 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். முன்பு 60 விநாடி ஆனது இப்போது 80 விநாடி ஆனால், தண்ணீர் கால்பங்கு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

2. ஆம்பியர்: மோட்டார் நன்றாக ஓடும்போது பேனல் போர்டில் உள்ள அம்மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு முள் வழக்கத்தைவிட இறங்கினால் போரில் தண்ணீர் போதவில்லை எனலாம். ஏறினால் மணல் அடைப்பு, பேரிங் தேய்மானம் அல்லது குறைந்த வோல்டேஜ் காரணமாக இருக்கலாம்.

3. பாட்டில்: மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூன்றையும் தேதியோடு போனில் குறித்து வைத்தால், மோட்டார் முழுசாக நிற்பதற்கு முன்பே மாற்றம் தெரிந்துவிடும்.

தடுக்கும் வழிகள்

• ட்ரை ரன் பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டர் போடுங்கள். தண்ணீர் தீர்ந்து ஆம்பியர் இறங்கியதும் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும்.

• எத்தனை நிமிடத்தில் போர் வற்றுகிறது என்று பார்த்து, அதற்குள் நிற்கும்படி டைமர் வையுங்கள். ஹெச்.பி.யைக் கூட்டினால் ஊற்று கூடாது. சீக்கிரம் வற்றுவதுதான் மிச்சம்.

• மூன்று பேஸ் மோட்டாரைக் கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவதைத் தவிருங்கள். காயிலுக்குள் கரண்ட் சமமாகப் பாயாமல் சூடேறும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் அவசியம்.

• கரண்ட் போய் வந்த உடனே மோட்டாரைப் போடாதீர்கள். வால்வு கசிந்தால் பைப்பில் உள்ள தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பு தலைகீழாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். சில நிமிடம் பொறுங்கள்.

• மோட்டாரைப் போரின் அடிமட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். குறைந்தது 10 அடியாவது மேலே தொங்கட்டும். சேறு கீழேயே தங்கிவிடும்.

• புதிதாகப் போர் போட்டால், கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் தெளியும்வரை சுத்தம் செய்த பிறகே மோட்டாரை இறக்குங்கள். எத்தனை அடியில் ஊற்று கிடைத்தது என்று ரிக் வண்டிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆழத்தில் மோட்டாரைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்ய அது உதவும்.

அரசு உதவி எங்கே கிடைக்கும்?

பழைய, திறன் குறைந்த பம்புசெட்டை மாற்றவும், செல்போன் மூலம் பம்புசெட்டை இயக்கும் தானியங்கிக் கருவி வாங்கவும் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. நடப்பு ஆண்டின் தொகையையும் தகுதியையும் உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 2018-ல் அறிமுகமான உழவன் செயலியிலும் மானியத் திட்ட விவரங்களைப் பார்க்கலாம்.

ஆதார், சிட்டா, வங்கிப் புத்தகம், மின் இணைப்பு எண் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சிட்டாவை அரசின் இணையவழி நிலச் சேவையில் போனிலேயே எடுக்கலாம். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வோல்டேஜ் தொடர்ந்து குறைவாக இருந்தால், மோட்டார் கருகும்வரை காத்திருக்க வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பழுதுக்காக மோட்டாரைத் தூக்கினால், அது திரும்பி வரும்வரை போர் வாயை இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கி வையுங்கள். சாக்கு, பலகை போதாது. தோட்டத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள்.