ஜானகி ஆதி நாகப்பன்

ஜானகி ஆதி நாகப்பன் (பெப்ரவரி 25, 1925 – மே 9, 2014) இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். பின்னாளில் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக இருந்தவர். கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். 1943 இல் சுபாஷ் சந்திர போசின் உரையைக் கேட்டு, அணிந்திருந்த காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையின் எதிர்ப்பையும் மீறிப் படையில் சேர்ந்தார்.

அப்படையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயா இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். அவர்களிடையே, செல்வச் செழிப்பில் வளர்ந்த ஜானகிக்கு இராணுவ வாழ்க்கை தொடக்கத்தில் கடினமாகவே இருந்தது. ஆயினும் படிப்படியாகப் பழகி, தளபதி லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார், பர்மாவுக்கும் சென்றார்.

போருக்குப் பின் இந்திய காங்கிரசு மருத்துவக் குழுவில் சேர்ந்து மலாயாவில் தொண்டாற்றினார். 1946 இல் ஜான் திவி மலாயா இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது அவருக்குத் துணைநின்றார். அவருடைய மேலவைப் பதவிக்கு இப்பணிகளே அடித்தளம் எனலாம். இந்திய அரசு 2000 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.