டீ வேண்டாம், காப்பி வேண்டாம்! கொங்கு மண்ணில் ஒரு சின்னஞ்சிறு சபையின் வாழ்க்கை

ஜேடர்பாளையம் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சொம்புத் தண்ணீர் வரும். அடுத்த கேள்வி, "டீயா, காப்பியா?" வேண்டாம் என்று சொன்னால் விடமாட்டார்கள். "அரை டம்ளராவது குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். அதற்கும் தலையாட்டாவிட்டால், ஏதோ மனத்தாங்கல் போல என்று நினைத்துக்கொள்வார்கள். காவிரி அணைக்கட்டும் வெல்ல ஆலைகளும் உள்ள இந்த வட்டாரத்தில், ஒரு டம்ளர் டீ என்பது உறவுக்கான அச்சாரம்.

அந்த டம்ளரை வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று சொல்ல வைக்கும் ஒரு மதம் உண்டு. டீ, காப்பி, மது, புகையிலை நான்குக்கும் அதில் தடை. அமெரிக்காவில் பிறந்த அந்த மதம், 60 ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு மண்ணிலும் வேர்விட்டிருக்கிறது. உலகம் அவர்களை 'மோர்மன்கள்' என்று அழைக்கிறது.

யார் இந்த மோர்மன்கள்?

1830 ஏப்ரல் 6-ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய சபை இது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது முழுப்பெயர். பைபிளோடு சேர்த்து 'மோர்மன் புத்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாக ஏற்கிறார்கள். அதனால் வந்த பட்டப்பெயர்தான் மோர்மன். அந்தப் பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே சொல்லும்படி 2018-ல் சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனால், பழகிய பெயர் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி நகரம்தான் தலைமையகம். அங்கே தெருவுக்குத் தெரு இவர்களின் கூடங்களைப் பார்க்கலாம். உலகம் முழுக்க 1.7 கோடிப் பேருக்கும் மேல் உறுப்பினர்கள். ஆனால், ஐரோப்பாவின் சிறு நகரங்களிலும் ஆசியாவிலும் நிலைமை வேறு. ஊருக்கு ஒரு சிறு கூட்டம்தான். அங்கே ஒருவர் வரவில்லை என்றால் ஒரு நாற்காலி காலியாக இருப்பது எல்லோர் கண்ணிலும் படும்.

மெட்ராஸில் தோற்றது, கோவையில் துளிர்த்தது

வெளியிலிருந்து வந்த மதம் ஒன்று இந்தச் சமவெளியின் சாப்பாட்டோடு மல்லுக்கு நின்றது இது முதல்முறை அல்ல. 1623-ல், மதுரையிலிருந்து கிளம்பிய இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்துக்கு வந்தார். காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, சன்னியாசி போலவே வாழ்ந்தார். உள்ளூர் மக்கள் தன்னோடு பேச வேண்டுமென்றால் தன் தட்டு மாற வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார்.

மோர்மன் ஊழியர்கள் வந்தது அதற்கும் 200 ஆண்டுகளுக்குப் பின்னால். 1851-ல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். 1853-ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் தோழர்களோடு மெட்ராஸில் கப்பலிறங்கினார். சால்ட் லேக் சிட்டியில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849-ல் தொடங்கியவர் இவர்தான். மெட்ராஸில் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தார், பிரசங்கம் செய்தார். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார். 1850-களின் நடுவிலேயே மொத்த இந்திய முயற்சியும் ஓய்ந்துபோனது.

அதற்குப் பின் நூறு ஆண்டுகள் நிசப்தம். மறுபடி பேச்சு எழுந்தது கோவையில். இந்த முறை கப்பலில் யாரும் வரவில்லை. எஸ். பால் திருத்துவதாஸ் என்ற கோவைக்காரர் கையில், இந்தச் சபையின் பிரசுரம் ஒன்று 1950-களில் தற்செயலாகக் கிடைத்தது. படித்தவர் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1960-களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்றார். அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் நடத்தினார். மோர்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1982-ல் தமிழில் வந்தன.

பக்கத்து மாநிலத்திலும் கதை குடும்பத்துக்குள்தான் தொடங்கியது. சமோவா தீவில் வேலை பார்த்தபோது சபையில் சேர்ந்த எட்வின் தர்மராஜு, எல்சி தம்பதி 1978-ல் ஹைதராபாத் திரும்பினார்கள். அவர்களின் உறவினர்கள் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1993-ல் பெங்களூரு இந்தியப் பணியின் தலைமையிடமானது. 2012-ல் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் 'ஸ்டேக்', அதாவது பல சபைகள் சேர்ந்த பெரிய நிர்வாக அமைப்பு, உருவானது.

பாதிரியார் இல்லாத ஞாயிறு

சிறிய சபைகளை இவர்கள் 'கிளை' என்கிறார்கள். கிளைக்குச் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. கிளைத் தலைவர் வாரம் முழுக்க கம்பெனியில் கணக்கு எழுதுபவராக இருக்கலாம், கடை வைத்திருப்பவராக இருக்கலாம். சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்துவிட்டு, வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சாதாரண உறுப்பினராக வந்து உட்கார்ந்துகொள்வார்.

பிரசங்கமும் அப்படித்தான். "அடுத்த வாரம் நீங்கள் 10 நிமிடம் பேச வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கல்லூரி மாணவியும் பேசுவார், பாட்டியும் பேசுவார். அப்பமும் தண்ணீரும் பகிர்ந்துகொள்ளும் சடங்கில் திராட்சை ரசத்துக்கு இடமில்லை. பதின்ம வயதுப் பையன்கள்தான் அதை வரிசை வரிசையாக எடுத்துச் செல்வார்கள். கூடத்தில் சிலுவை வைப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. எட்டு வயது நிரம்பிய பிறகுதான், அதுவும் தண்ணீரில் முழுதாக முக்கி எடுத்து.

2019 ஜனவரிக்கு முன்பு ஞாயிறு கூட்டம் மூன்று மணி நேரம். இப்போது இரண்டு மணி நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு விரதம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அதன் செலவுக்குச் சமமான பணத்தையாவது ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். இது தவிர, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. கூட்டத்தில் தட்டு சுற்றி வராது, தனியாகச் செலுத்திவிட வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது 1,500 ரூபாய். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் அந்தத் தொகை என்ன பாடுபடுத்தும் என்பது இல்லத்தரசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிறு கிளையில் பாட்டுக்குத் தலைமை தாங்குபவரே குழந்தைகளுக்குப் பாடமும் எடுப்பார், வருகைக் கணக்கும் எழுதுவார். பெரிய தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போய்விடலாம். இங்கே கடைசி வரிசையே கிடையாது. அதுதான் பலம், களைப்பும் அதுதான். நாலு குடும்பம் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் கிளையே ஆட்டம் கண்டுவிடும்.

சுக்குமல்லிக் காப்பி குடிக்கலாமா?

டீ, காப்பித் தடைக்கு வேர், 1833 பிப்ரவரி 27-ம் தேதி ஜோசப் ஸ்மித் சொன்ன 'ஞான வார்த்தை' என்ற போதனை. அதில் 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கிறது. அது டீயையும் காப்பியையும் குறிக்கும் என்று சபை விளக்கம் சொன்னது. ஐஸ் போட்டுக் குடித்தாலும் தடைதான். கிரீன் டீயும் சேர்த்தி என்று 2019-ல் இளைஞர்களுக்காகத் தெளிவுபடுத்தினார்கள். கணக்கு சூட்டில் இல்லை, தேயிலையிலும் காப்பிக்கொட்டையிலும் இருக்கிறது.

அப்படியானால் கொங்கு வீட்டில் என்ன கொடுப்பது? பால், பூஸ்ட், ஹார்லிக்ஸ் தாராளமாகக் கொடுக்கலாம். மோர், இளநீர், கரும்புச்சாறு, பானகம் எதற்கும் தடையில்லை. சுக்குமல்லிக் காப்பியில் பெயர் மட்டும்தான் காப்பி. சுக்கு, மல்லி, கருப்பட்டியோடு நிறுத்திக் காப்பித்தூள் சேர்க்காவிட்டால் அதுவும் சரிதான். ஆக, விருந்தாளியின் மனசும் நோகாது, வீட்டுக்காரரின் முகமும் வாடாது.

மது, புகையிலை விஷயத்தில் சபை இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. குடியால் உடைந்த குடும்பங்களை ஊருக்கு நாலு பார்க்கும் நம் பெண்களுக்கு, இந்த ஒரு விதி பெரிய நிம்மதியாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

காதுகுத்தும் கிடாவெட்டும் ஞாயிற்றுக்கிழமைதான்

டம்ளரைக்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல் உறவுமுறையில் வருகிறது. ஞாயிறு ஓய்வு நாள், அன்று கடைகண்ணிக்குப் போகாமல் வழிபாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது சபை. தமிழ்நாட்டில் காதுகுத்து, சீர், குலதெய்வம் கோயில் கிடாவெட்டு என எல்லாமே பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். லீவு கிடைப்பது அன்றைக்குத்தானே! சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வராது. அதற்கடுத்து, தன் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராது.

கல்யாணம் அதைவிடப் பெரிய கேள்வி. தம்பதியர் இருவரும் சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதே சபையின் விருப்பம். சில நூறு பேருக்குள் மாப்பிள்ளை தேட வேண்டும். சாதி பார்த்தால் அந்த எண்ணிக்கை இன்னும் சுருங்கும், பார்க்காவிட்டால் சொந்தபந்தம் சுருங்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1950-ம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. எந்தக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தாலும் அதை இழக்க நேரிடும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரு ஞானஸ்நானம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் வரை நீளக்கூடிய முடிவு.

பாட்டன் பூட்டன் பெயர் தெரியுமா?

ஏழேழு ஜென்மத்துக்கும் சேர்ந்திருப்போம் என்பது நம் ஊர்ப் பேச்சு. மரணத்துக்குப் பிறகும் கணவன், மனைவி, பிள்ளைகள் ஒரே குடும்பமாகத் தொடர்வார்கள் என்பது மோர்மன்களின் மைய நம்பிக்கை. அதற்கான சடங்கு வாராந்தரக் கூடத்தில் நடக்காது. ஆலயம் என்ற தனிக் கட்டடத்தில், வெள்ளை உடையில் மட்டுமே நடக்கும். கூட்டத்துக்கு யாரும் வரலாம். ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு தேவை. அதற்கான நேர்காணலில் காணிக்கை பற்றியும் டீ, காப்பி பற்றியும் கேட்பார்கள்.

இந்தியாவில் ஆலயமே இல்லாததால் ஹாங்காங் போன்ற வெளிநாட்டு நகரங்களுக்குப் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விமான டிக்கெட் என ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கும் பயணம் அது. 2018 ஏப்ரலில் பெங்களூருக்கு ஆலயம் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் கட்டுமானப் பணி தொடங்கப்பட்டது. சேலத்துக்காரருக்கு பெங்களூரு பஸ் தூரம்தான்.

இறந்துபோன முன்னோருக்காக வாரிசுகள் ஞானஸ்நானம் பெறுவதும் ஆலயத்தில்தான். அதை ஏற்பதும் மறுப்பதும் முன்னோரின் விருப்பம் என்கிறார்கள். இதற்காக உலகம் முழுக்க வம்சாவளி ஆவணங்களைத் திரட்டுகிறார்கள். ஹரித்துவார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த குடும்பப் பதிவேடுகளைக்கூட மைக்ரோஃபிலிமில் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டமும் குலதெய்வமும் கேட்ட பிறகே சம்பந்தம் பேசும் கொங்கு நாட்டுக்கு, வம்சத்தைத் தேடும் இந்தப் பழக்கம் அவ்வளவு அந்நியமல்ல. ஆனால், "செத்துப்போன எங்கள் பாட்டனுக்கு நீங்கள் ஏன் ஞானஸ்நானம் எடுக்கிறீர்கள்?" என்ற கேள்வியும் நியாயமானதே. நாஜிப் படுகொலையில் இறந்த யூதர்களின் பெயர்களை இப்படிச் சேர்த்ததற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பி, அவற்றை நீக்க 1995-ல் சபை ஒப்புக்கொண்டது.

விமர்சனங்களும் உண்டு

திரித்துவம் பற்றிய இவர்களின் கொள்கை மாறுபட்டது என்பதால் மற்ற கிறிஸ்தவ சபைகள் பல இவர்களைத் தங்களில் ஒருவராக ஏற்பதில்லை. இவர்களின் ஞானஸ்நானம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 2001-ல் அறிவித்தது. பலதார மணத்தை 1890-ல்தான் சபை கைவிடத் தொடங்கியது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் 1978 வரை மறுக்கப்பட்டது. பெண்களுக்கு இன்றும் இல்லை. முதலீட்டு விவரங்களைச் சரியாக வெளியிடாத விவகாரத்தில், 2023-ல் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. காணிக்கை கொடுக்கும் ஏழை உறுப்பினருக்கும் இதையெல்லாம் கேட்கும் உரிமை உண்டு.

இத்தனைக்கும் நடுவில், திங்கட்கிழமை மாலை டிவியை அணைத்துவிட்டுக் குடும்பமாக உட்கார்ந்து பேசும் பழக்கத்தைச் சபை வலியுறுத்துகிறது. 18 வயதுப் பையன் இரண்டு ஆண்டுகள் சொந்தச் செலவில் ஊழியத்துக்குப் போகிறான். திரும்பி வந்து வேலை தேடும்போது நண்பர்கள் இரண்டு வருடம் முன்னால் போயிருப்பார்கள். தெரிந்தேதான் போகிறான்.

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குடும்பம் குடிவந்தால், அவர்களின் கொள்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை, வாதாடவும் வேண்டியதில்லை. காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கலாம். காலையில் கூட்டம் முடித்துவிட்டு மதியப் பந்திக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லலாம். நூறு பேர் பந்தியில் அவர்களுக்கும் ஒரு இலை போடுவது, நமக்கு ஒன்றும் கஷ்டமில்லை.