பெம்புரோக்சயர் கரையோரப் பாதை

பெம்புரோக்சயர் கரையோரப் பாதை என்பது ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான வேல்சின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள நெடுந்தூர நடைபாதை ஆகும். வடக்கே செயின்ட் டாக்மெல்ஸ் என்னும் ஊரில் தொடங்கி, தெற்கே ஆம்ரொத் என்னும் ஊரில் முடிவடையும் இதன் நீளம் 186 மைல் (ஏறத்தாழ 299 கிமீ) ஆகும். முழுப் பாதையையும் நடந்து முடிக்கப் பொதுவாக 10 முதல் 15 நாட்கள் ஆகும். கூடாரம், உணவு, துயிற்பை ஆகியவற்றைத் தாமே சுமந்து சென்று, வழியில் தங்கி நடப்போர் பலர்.

வரலாறு

பெம்புரோக்சயர் கரையோரத் தேசியப் பூங்கா 1952 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் இயற்கையியலாளர் ரொனால்ட் லாக்லி இப்பாதைக்கான வழியை ஆய்வு செய்தார். நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமாக இருந்தமையால், உரிமையாளர்களின் இசைவைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நடைப்பாலங்களும் கட்டப்பட்டன. 1970 மே 16 அன்று பாதை திறந்து வைக்கப்பட்டது. வேல்சின் முதலாவது தேசிய நடைபாதை இதுவே. 2012 மே 5 அன்று திறக்கப்பட்ட, 870 மைல் நீளமான வேல்ஸ் கரையோரப் பாதையின் ஒரு பகுதியாகவும் இது விளங்குகிறது.

நில அமைப்பு

பாதையின் மிக உயர்ந்த இடம் வடமுனைக்கு அருகே, செமைஸ் முனைப் பகுதியில் 175 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரம் பெரிதன்று. எனினும் கடலை நோக்கிப் பாயும் ஓடைகள் பாறைக்கரையை ஆங்காங்கே அறுத்துப் பள்ளங்களை உருவாக்கியுள்ளன. நடப்பவர் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மீண்டும் ஏற வேண்டும். இவ்வாறான ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 35,000 அடி எனக் கணிக்கப்படுகிறது. ஆகவே, தட்டையான நிலத்தில் நடக்கும் வேகத்தைக் கொண்டு இங்கு நாளொன்றுக்கான தொலைவைத் திட்டமிட இயலாது.

கூடாரமிடுதல்

பொதுப்பாதையில் நடந்து செல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு. ஆனால் அவ்வுரிமையில் அதன் ஓரத்தில் கூடாரமிட்டுத் தங்குவது அடங்காது. இசுக்காட்லாந்தில் உள்ளதைப் போன்ற பொதுவான கூடாரமிடும் உரிமை வேல்சில் இல்லை. நில உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும் அல்லது கட்டணக் கூடாரத் திடல்களில் தங்க வேண்டும். இத்திடல்களுள் பல குளிர்காலத்தில் மூடப்படுவதால், முன்கூட்டியே விசாரித்தல் அவசியம்.

பாறை விளிம்புகள் சரியக்கூடியவை. அத்திலாந்திக்குப் பெருங்கடலிலிருந்து வீசும் காற்றும் கடுமையானது. எனவே கூடாரத்தை விளிம்பிலிருந்து விலகி, காற்று மறைவான இடத்தில் அமைக்க வேண்டும். ஓடைகள் பெரும்பாலும் மேய்ச்சல் நிலங்களைக் கடந்து வருவதால், அவற்றின் நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும்.

ஓதமும் சுடுபயிற்சித் தளமும்

டேல் ஊருக்கு அருகிலுள்ள கான் கழிமுகத்தையும் சாண்டி ஹேவன் கழிமுகத்தையும், நீர் வற்றும் தாழ் ஓதத்தை ஒட்டிய சில மணிநேரத்தில் மட்டுமே நேராகக் கடக்கலாம். பிற வேளைகளில் பல கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். தாழ் ஓதம் நாளுக்கு இருமுறை ஏற்படும். அதன் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். முழுநிலவு, அமாவாசை ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் நீர்மட்ட வேறுபாடு 6 மீட்டரையும் தாண்டும். நீர் ஏறத் தொடங்கிய பின் கடக்க முயல்வது உயிராபத்தை விளைவிக்கும். இவ்விரு கழிமுகங்களும் ஒரே நாள் நடைத் தொலைவில் உள்ளமையால், முந்தைய இரவு தங்கும் இடத்தை ஓத அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தெற்கே காசில்மார்ட்டின் படைத்துறைச் சுடுபயிற்சித் தளம் பாதையை மறிக்கிறது. அதன் கிழக்குப் பகுதி, சுடுபயிற்சி இல்லாத வேளைகளில் நடப்போருக்குத் திறக்கப்படும். பாறைப் பிளவினுள் கட்டப்பட்ட புனித கோவன் சிற்றாலயம் அங்குள்ளது. செங்கொடி பறக்கும்போது உள்ளே செல்லலாகாது. உள்நாட்டுச் சாலை வழியே சுற்றிச் செல்ல வேண்டும்.

உயிரினங்கள்

இலையுதிர் காலத்தில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் ஒதுக்கமான கடற்கரைகளில் குட்டி ஈனுகின்றன. மனிதர் நெருங்கினால் தாய் குட்டியைக் கைவிடக்கூடும் என்பதால், அவற்றைப் பாறை மேலிருந்து அமைதியாகக் காண்பதே முறையாகும்.