வன்னி வளவுக்கு எந்தப் புல்?



1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களைப் பார்க்கப் போகும்போது, இங்கே பங்களா முற்றத்தில் வளரும் புல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் நட ஆசைப்படுவோம். மாரி முடியும் வரை பச்சையாக நிற்கும். பங்குனி வெயிலில் கருகிவிடும். "நமக்குக் கைராசி இல்லை" என்போம். குறை கையில் இல்லை, புல்லில்தான்.

ரை புல், பெஸ்கியூ போன்றவை குளிர்காலப் புற்கள். 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரைதான் அவை நன்றாக வளரும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருப்பதால் அங்கே தாக்குப்பிடிக்கும். வவுனியாவில் அது 28 பாகை அளவு. அந்தச் சூட்டில் குளிர்காலப் புல் தான் தயாரிக்கும் உணவிலேயே ஒரு பங்கை வீணாக்கும், வேர் குறுகும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிழைக்காது.

வன்னிக்கு ஏற்றது நம்ம அறுகம்புல்தான். நிலத்துக்கு மேலேயும் கீழேயும் கொடி ஓட்டும். கோடையில் காய்ந்து கிடந்தாலும் மழை விழுந்ததும் துளிர்க்கும். மர நிழல் மட்டும் அதற்கு ஆகாது.

நடும் முறை இதுதான்: ஐப்பசியில் மாரி தொடங்கும்போது நிலத்தை 6 அங்குலம் கொத்துங்கள். கோரையைக் கிழங்கோடு பொறுக்கி எடுங்கள். விட்டால் அதுதான் ஆளும். மக்கிய மாட்டெருவைக் கலந்து மட்டமாக்குங்கள். மூன்று நான்கு கணு உள்ள கொடித் துண்டுகளை 6 அங்குலத்துக்கு ஒன்றாக நட்டு, காலால் மிதித்து இறுக்குங்கள். பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு 400 துண்டு வேண்டும். மழை இல்லாத நாளில், முதல் இரண்டு வாரமும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கிணறு வற்றும் ஆவணி, புரட்டாதியில் புல்லுக்குத் தண்ணீர் இறைக்காதீர்கள். குடிக்கத்தான் முதலில் தண்ணீர். புல் காயட்டும், சாகாது.

வீட்டை ஒட்டிய முற்றத்தைக் கூட்டி வெறுமையாகவே வைப்பது வன்னி வழக்கம். பாம்பு வந்தால் கண்ணில் படும் என்பதற்காகத்தான். புல்லை அதற்கு அப்பால் நட்டு, கட்டையாக வெட்டிவையுங்கள். மரக்கறிப் பாத்திக்குள் புகாமல் ஓரத்தில் வாய்க்கால் எடுங்கள்.

முக்கியமான ஒன்று: போர் நடந்த பகுதியில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத காணியில் மண்வெட்டி போடவே கூடாது. கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது புல்லுச் சாக்கு வேண்டாம். தேயிலைத்தூள் கொண்டுபோங்கள். புல் அங்கேயே, வயல் வரப்பில் இருக்கிறது.