கத்தரித்து ஒட்டிய செய்தி

1996 ஜனவரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்க இயர்புக் வாங்கியவர்கள் ஆண்டு முடிவதற்குள் அதில் பிரதமர் பெயரை இரண்டு முறை பென்சிலால் திருத்தினார்கள். அச்சில் இருந்தவர் நரசிம்ம ராவ். மே 16 அன்று வாஜ்பாய் பொறுப்பேற்றார். 13 நாளில் அவர் ராஜினாமா செய்ய, ஜூன் 1 அன்று தேவ கௌடா வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் குஜ்ரால். இயர்புக் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் முந்தைய ஆண்டுப் பிரதியை நம்பிப் படித்தவர்களுக்குத் திருத்த வேலை இன்னும் அதிகம். அந்தத் திருத்தங்களை யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். ரேடியோவில் கேட்டோ, பேப்பரில் பார்த்தோ தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

2025-ம் அப்படித்தான் ஆட்டம் காட்டியது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக அந்த ஓர் ஆண்டிலேயே மூன்று பேர்: மே மாதம் வரை சஞ்சீவ் கன்னா, பிறகு பி.ஆர். கவாய், நவம்பர் 24 முதல் சூர்யகாந்த். ஜூலை 21 அன்று குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் நடந்த தேர்தலில் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று வென்றார். இவை எல்லாமே அன்றன்றைக்கே, அடுத்த தேர்வில் வரும் என்ற குறிப்போடு, லட்சக்கணக்கான போன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பென்சிலுக்கு வேலையே இல்லை.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் தேர்வுக்குப் படிப்பவருக்கும் நாட்டு நடப்புக்கும் உள்ள உறவே மாறிவிட்டது. வசதி கூடியது எல்லோருக்கும் தெரிகிறது. வேறு எது மாறியது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்று காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலைக் கேட்டுக்கொண்டே கையில் நோட்டோடு உட்கார்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ரேடியோ செய்தியைத் திரும்பக் கேட்க முடியாது; காது அப்படிக் கூர்மையாக இருக்கும். பிறகு டீக்கடை. அங்கே தினத்தந்தியின் தாள்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும். நடுப்பக்கம் வைத்திருப்பவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சாயங்காலம் கிளை நூலகத்தில் தினமணியும் ஆங்கிலப் பேப்பரும். வேலைவாய்ப்புக்கு எம்ப்ளாய்மெண்ட் நியூஸ். திட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள மத்திய அரசு வெளியிட்ட ‘திட்டம்’ மாத இதழ். கொஞ்சம் காசு இருந்தால் காம்பெடிஷன் சக்ஸஸ் ரிவ்யூ.

லாங் சைஸ் நோட்டு ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள்: இந்தியா, உலகம், நியமனங்கள், விருதுகள், விளையாட்டு, நூலும் ஆசிரியரும். வீட்டில் பேப்பர் வாங்குபவர்கள் கத்தரித்து ஒட்டுவார்கள். நூலகத்தில் படிப்பவர்கள் கையால் எழுதுவார்கள். கத்தரிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் பக்கச் செய்தியை வெட்டினால் பின்பக்கச் செய்தி நடுவில் போய்விடும். எது வேண்டும், எது போகலாம் என்று முடிவெடுக்க இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தாக வேண்டும். தேர்வில் எது கேட்பார்கள் என்று சொல்ல ஆள் இல்லாததால் எல்லாமே முக்கியமாகத் தெரியும். ஒரு மசோதா அறிமுகமானது, எதிர்ப்பு வந்தது, குழுவுக்குப் போனது, சட்டமானது என்று மாதக்கணக்கில் ஒரே விஷயம் நோட்டில் நாலு இடத்தில் ஒட்டியிருக்கும். மனப்பாடம் செய்யாமலே அது மனதில் நின்றது.

ஆனால் இதைச் சொல்லி ஏங்குபவர்களோடு என்னால் முழுதாகச் சேர முடியாது. அந்த டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. கிளை நூலகத்தின் பேப்பர் மேசையைச் சுற்றியும் ஆண்கள்தான். நல்ல பொது அறிவு இதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தன. சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியுள்ள குடும்பங்கள் எத்தனை? பத்தாம் வகுப்பு முடித்துக் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணுக்கு, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்திருப்பதே தெரியாது. விண்ணப்பப் படிவத்துக்குத் தபால் நிலையம் போக வேண்டும், அதற்கும் வீட்டில் யாரையாவது கெஞ்ச வேண்டும். நாட்டு நடப்பு அன்று எல்லோருக்கும் பொதுவாக இருந்ததாக நினைப்பது உண்மைக்கு ஒத்துவராது.

2016-க்குப் பிறகு டேட்டா விலை சரிந்ததும், 2020 ஊரடங்கில் பயிற்சி மையங்கள் வகுப்புகளை யூடியூபுக்குக் கொண்டுபோனதும் அவர்களுக்கும் கதவைத் திறந்தன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டங்களுக்கு வந்து பாருங்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், நூறு நாள் வேலைக்குப் போகும் குடும்பத்தின் முதல் பட்டதாரி எல்லோரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு அன்றைய நடப்பு நிகழ்வுகள் வீடியோவை இயர்போனில் கேட்கிறார்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் வெளியீடுகள் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. 2024 குரூப் 4 தேர்வில், முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அந்தப் போட்டியின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 20 லட்சத்தில் பலர், முன்பு வரிசைக்கே வர முடியாதவர்கள்.

இனி இதன் மறுபக்கம். எங்கள் பயிலும் வட்டத்தில் ஒரு நாள் ஒரு பெண் போனை நீட்டினார்.

“சார், தமிழ்நாட்டுல ராம்சார் இடம் எத்தனை? ஒரு பிடிஎஃப்ல 14-னு இருக்கு, இன்னொண்ணுல 18. நேத்து வந்ததுல 20. எதைப் படிக்க?”

“மூணும் சரிதாம்மா. எது எந்தத் தேதியில வந்ததுன்னு பாத்தியா?”

பார்த்தோம். மூன்று பிடிஎஃப்களிலும் தேதியே இல்லை. மேலே சேனலின் பெயர் பெரிதாக இருந்தது, உள்ளே எண் இருந்தது, எப்போது வரைக்கும் என்பது மட்டும் இல்லை.

கோடியக்கரை 2002-ல், சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு 20 ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு அந்த ஒன்றுதான். 2022 ஜூலையில் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி. ஆகஸ்டில் வேடந்தாங்கல், மன்னார் வளைகுடா, வெள்ளோடு, கூந்தன்குளம் என்று அடுத்தடுத்து வந்து மொத்தம் 14 ஆனது. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டில் நாட்டின் எண்ணிக்கையும் 75 ஆக வேண்டும் என்ற முனைப்பும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். 2024 தொடக்கத்தில் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் சேர்ந்து 16. அதே ஆண்டு ஆகஸ்டில் நஞ்சராயன் குளமும் கழுவேலியும் சேர்ந்து 18. 2025 தொடக்கத்தில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் சேர்ந்து 20.

அந்தப் பெண் இருபதையும் வரிசையாக ஒப்பித்தார். எனக்கு வியப்பாக இருந்தது, அவ்வளவு உழைப்பு. “இதுல ராமநாதபுரம் மாவட்டத்துல எத்தனை?” என்று கேட்டேன். யோசித்தார். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று நான்கு கண்மாய்கள். மன்னார் வளைகுடா தனி. வறண்ட மாவட்டம் என்று நாமெல்லாம் சொல்லிப் பழகிய ராமநாதபுரத்துக்குப் பறவைகள் ஏன் வருகின்றன? அங்கே மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய கண்மாய்கள் இருக்கின்றன, கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நிற்கின்றன, தண்ணீருக்கு நடுவில் நிற்கும் மரத்தில் கூடு கட்டினால் குஞ்சுக்குப் பாதுகாப்பு. இதைப் பேச ஆரம்பித்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்து பரமக்குடிக்காரத் தம்பி ஒருவர் எழுந்து, அவர் ஊர்க் கண்மாயில் கூழைக்கடா வருவதைச் சொன்னார். அரை மணி நேரம் போனது. இருபது பெயர்களும் அன்றைக்குத்தான் அவர்களுக்கு இடங்களாக மாறின. பள்ளிக்கரணை என்றால் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நிற்கும் அதே சதுப்பு நிலம்தான் என்பதும், 1971-ல் ஒப்பந்தம் கையெழுத்தான ராம்சார் ஈரானில் இருக்கும் ஓர் ஊர் என்பதும் அந்தப் பேச்சில்தான் வந்தன.

ஒன் லைனரில் இதற்கு இடமில்லை. “சமீபத்தில் சேர்ந்தவை: சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல்.” அவ்வளவுதான். செய்தி முன்னும் பின்னும் இல்லாமல் வருகிறது, அதனால் மறக்கிறது, மறப்பதால் மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. டெலிகிராமில் ஏழெட்டு குரூப்பில் இருக்கிறார்கள். தினத் தொகுப்பு, வாரத் தொகுப்பு, மாதத் தொகுப்பு, தேர்வுக்கு முன் ஓர் ஆண்டுக்கான தொகுப்பு என்று ஒரே விஷயத்தை நான்கு முறை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். ஒன்றைப் படிக்காமல் விட்டால் அதிலிருந்துதான் கேள்வி வரும் என்ற பயம். அன்று செய்தி கிடைக்காததால் வந்த கவலையைவிட, இன்று குவிந்து கிடப்பதால் வரும் கவலை பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்டிப்பாக வரும் ஆயிரம் கேள்விகள் என்று விற்கும் ஆட்கள் இந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள். வாங்குவது நூறு நாள் வேலைச் சம்பளத்தில். இதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

கேள்வித்தாளோ வேறு திசையில் போய்விட்டது. முன்பு “யார்?”, “எங்கே?”, “எந்த ஆண்டு?” என்று நேராகக் கேட்டதற்கு ஒன் லைனர் போதும். இப்போது கூற்று, காரணம், சரியானவற்றைத் தேர்ந்தெடு, கால வரிசைப்படுத்து. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கினார்கள். ஊதியத் தொகுப்பு 2019-ல் நிறைவேறியது, மற்ற மூன்றும் 2020-ல். நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21. “2020-ல் நிறைவேறியது” என்று மட்டும் படித்தவர், அமலுக்கு வந்த நாளைக் கேட்டால் தடுமாறுவார். நாடாளுமன்றத்தில் நிறைவேறுவது ஒன்று, அறிவிக்கை வெளியிட்டு அமலுக்குக் கொண்டுவருவது இன்னொன்று என்ற அடிப்படை தெரிந்தவருக்கு இது எளிது. நோட்டில் ஒரே விஷயத்தை நாலு இடத்தில் ஒட்டியவருக்கு அந்த இடைவெளி கண்ணிலேயே தெரிந்திருக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் இதே கதைதான். கொலைக்கு 302 போய் 103, மோசடிக்கு 420 போய் 318 என்று அட்டவணை எல்லோரிடமும் இருக்கிறது. 511 பிரிவுகள் 358 ஆகும்போது எவை சேர்ந்தன, எவை நீங்கின என்பதைப் படித்தவர்கள் குறைவு.

ஆகவே பயிலும் வட்டத்தில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. அதைப் பேப்பரில் முழுதாகப் படிப்பது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒருவர் தேடி வந்து சொல்வது, சமச்சீர் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அதன் அடிப்படை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் காட்டுவது. மற்றவற்றை போனிலேயே படித்துக்கொள்ளட்டும். அன்றைய முறையையும் இன்றைய வசதியையும் சேர்த்துப் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

எல்லாம் வாரா வாரம் மாறும்போது மாறாமல் நின்றது மக்கள்தொகைக் கணக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, எழுத்தறிவு 80.09 சதவீதம், ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். 2011-ன் இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று அதே எண்களைப் படித்துத் தேர்வெழுதுகிறார்கள். 2021 கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போனது. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லாச் சாதிகளையும் சேர்த்து எண்ணப் போகிறார்கள். அதன் முடிவுகள் வந்த அன்றே ஒன் லைனர்கள் குவிந்துவிடும். அதற்கு முன், எங்கள் மாவட்டத்தின் 2011 அட்டவணையைத் தாலுகா வாரியாக ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி, எதிர்ப் பக்கத்தைக் காலியாக விட்டு வைப்பது என்று பேசியிருக்கிறோம். முதல் இரண்டு தாலுகாக்களை அந்த ராம்சார் பெண் எழுதி முடித்துவிட்டார்.