ஏசி மாட்டப் போறீங்களா? பாறை நிலத்தில் எம்சிபி மட்டும் போதாது... ஏன் தெரியுமா?

குன்றாண்டார்கோவில் என்றாலே பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாறை கோயிலோடு நின்றுவிடவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தப் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கடப்பாரையில் கல் தட்டும். ஏசி வாங்குபவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? எர்த் இருக்கிறது.

ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. குளிர் நாடுகளில் இதே மெஷினைத் திருப்பி ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள். வயரிங் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1.5 டன் ஏசி சுமார் 1,500 வாட், அதாவது 7 ஆம்பியர் வரை இழுக்கும். கடும் வெயிலில் இன்னும் கூடும். அதனால் ஃபேன், லைட் போகிற லைனில் இதைச் சேர்க்கக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி போடுவது வழக்கம். இதுவரை பெரும்பாலும் சரியாக நடந்துவிடும். கோட்டை விடுவது எர்த்தில்தான்.

எம்சிபி ஏன் விழாது?

வெளியே இருக்கும் யூனிட்டில் வயர் உரசி, இரும்பு பாடியில் கரண்ட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எர்த் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். காய்ந்த, கல் நிறைந்த மண்ணில் எர்த்தின் தடை 50 ஓம் இருந்தால், 230 வோல்ட்டுக்கு அதில் பாய்வது 4.6 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்சிபிக்கு இதெல்லாம் ஒரு லோடே இல்லை, விழாது. ஏசி பாட்டுக்கு ஓடும், பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும். துணி காயப்போடப் போகிறவர் கை பட்டால் போதும். மண் அதிகம் காய்வதும் ஏசி அதிகம் ஓடுவதும் ஒரே மாதத்தில் என்பதுதான் கொடுமை.

இங்கேதான் ஆர்சிசிபி வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று இது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வெளியே கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். "அடிக்கடி விழுதுங்க" என்று சிலர் இதை பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது, அதைத் தேடச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அதற்காக எர்த்தை விட்டுவிட முடியாது. பைப் எர்த்துக்கு வழக்கமாக 2.5 மீட்டர் ஆழம் வேண்டும். பாறை குறுக்கிட்டால் பைப்பை வெட்டிப் பாதியில் புதைக்க விடாதீர்கள். கிணற்றடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடம் என ஈரமான பகுதியில் குழி எடுக்கலாம். மேல் மண்ணிலேயே நீளமாகப் பள்ளம் வெட்டி உலோகப் பட்டையைப் புதைக்கலாம். தள்ளித் தள்ளி இரண்டு மூன்று எர்த் போட்டு ஒன்றாக இணைக்கலாம். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எர்த் இல்லையென்று ப்ளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவதும் உண்டு. நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், ஏசியின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இதைச் செய்யும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். மின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உள்ளவரையே கூப்பிடுங்கள்.

உங்கள் இணைப்பின் லோடு ஏசியைத் தாங்குமா என்பதை உள்ளூர் ஈபி ஆபீஸில் கேட்டு, தேவைப்பட்டால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பியுங்கள். மின்சாரம் தொடர்பான புகார்களுக்கு மின்னகம் எண்: 94987 94987.