வீட்டு புரோக்கர் யார் ஆள்?
டீக்கடையில் வாயை விட்ட குமாஸ்தா. வில்லங்கத்தைக் கண்டுபிடித்த பெரியவர்

"எவ்வளவு வரைக்கும் போவீங்க சார்? என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் உங்க ஆளு!"

சென்னை கொளத்தூரில் ஒரு டீக்கடை வாசலில் புரோக்கர் இப்படிக் கேட்டார். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் குமாஸ்தா அதை நம்பினார். "60 லட்சம். அதுக்கு மேல சக்தி இல்லே" என்று மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் சொன்ன விலை என்ன தெரியுமா? சரியாக 60 லட்சம்!

முந்தின வாரம் 62 சொல்லி, "பேசிப் பார்க்கலாம்" என்று இறங்கி வந்தவர் அவர். இப்போது "ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். டீக்கடைப் பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது குமாஸ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

20 வருஷமாகப் பெரம்பூரில் வாடகைக் குடித்தனம். பி.எப். பணம், சம்சாரத்தின் நகை, பேங்க் லோன் எல்லாவற்றையும் போட்டு வாங்கும் வீடு. அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

இரண்டு பக்கமும் கமிஷன்

பழைய வீடு கைமாறும்போது ஒரே புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சென்னையில் சகஜம். 1 சதவீதமோ, 2 சதவீதமோ, பேச்சைப் பொறுத்தது. வீட்டை விற்றுத்தரச் சொன்னவர் வீட்டுக்காரர். வாங்குபவரோ வழியில் வந்தவர். புரோக்கர் யார் பக்கம் சாய்வார்?

"நமக்குன்னு ஒரு ஆளை வச்சுக்கலாம் மாமா" என்று யோசனை சொன்னார் மச்சான்.

"ஒருத்தருக்குக் கொடுக்கிறது போதாதா? இன்னொருத்தருக்கு வேற தண்டம் அழணுமா?" என்று சம்சாரம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கணக்குப் பார்த்தார்கள். 60 லட்சத்துக்கு 2 சதவீதம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். 57 லட்சத்துக்கு ரூ.1 லட்சத்து 14 ஆயிரம். விலை 3 லட்சம் குறைந்தால் புரோக்கருக்கு 6 ஆயிரம் நஷ்டம்! சொந்த ஆளே ஆனாலும், சதவீதக் கூலி பேசினால் அவர் எதற்காக விலையைக் குறைக்க மெனக்கெட வேண்டும்?

பெரம்பூரில் பழுத்த அனுபவம் உள்ள ஒரு பெரியவரைப் பிடித்தார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி ரூ.40 ஆயிரம்தான். வீடு அமையாவிட்டாலும் அதில் 10 ஆயிரம் அவருக்கு. வீட்டுக்காரரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அகப்பட்டது வில்லங்கம்!

பெரியவர் முதல் வேலையாக வில்லங்கம் பார்த்தார். பதிவுத்துறை இணையதளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். 2019-ல் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கிய பதிவு அதில் இருந்தது.

"லோன் எல்லாம் முடிஞ்சுபோச்சு சார்" என்றார் முதல் புரோக்கர்.

"முடிஞ்சிருந்தா ரசீது பத்திரம் பதிவாகி இருக்கணுமே, எங்கே?" என்று மடக்கினார் பெரியவர்.

வீட்டுக்காரர் மழுப்பினார். கடைசியில் கடன் பாக்கி இருப்பது வெளியே வந்தது. மறுநாள் கொடுப்பதாக இருந்த அட்வான்ஸ் 5 லட்சம் தப்பியது!

பிறகு பேச்சு மாறியது. விலை 57 லட்சத்துக்கு இறங்கியது. வீட்டுக்காரர் கடனைக் கட்டி, ரசீது பத்திரம் பதிவு செய்த பிறகே அட்வான்ஸ் கைமாறியது.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ரகளை

கிரயத்தன்று முதல் புரோக்கர் வழிமறித்தார். "வீட்டைக் காட்டினது யாரு? 2 பர்சென்ட் எடுத்து வைங்க!" என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. கடைசியில் 1 சதவீதம், அதாவது ரூ.57 ஆயிரத்துக்கு முடிந்தது.

இரண்டு பேருக்குமாக ரூ.97 ஆயிரம் செலவு. விலையில் மிச்சம் 3 லட்சம். வீடு பார்க்கும் முன்பே சொந்த ஆளோடு போயிருந்தால், யாருக்கு எவ்வளவு என்று அன்றே பேசி முடித்திருக்கலாம். வாசலில் ரகளை வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

புதிய அடுக்குமாடித் திட்டங்கள் என்றால் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் வீடு விற்றுத்தரும் ஏஜெண்டும் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு ரூ.10 ஆயிரம் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விழலாம்.

பழைய வீட்டு விவகாரத்தில் அந்தக் கடிவாளம் இல்லை. அங்கே கைகொடுப்பது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். நியமித்தவருக்குத் தெரியாமல் ஏஜெண்ட் அதே விவகாரத்தில் தனக்கென வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்கும் உரிமை நியமித்தவருக்கு உண்டு. ஆனால் ஏஜெண்டாக வைத்ததற்கு அத்தாட்சி வேண்டும். வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

ஒன்றை மறக்கக் கூடாது. சொந்த புரோக்கர் வக்கீல் ஆகமாட்டார். பத்திரங்களைப் பார்க்க வக்கீல் தனியாக வேண்டும். அவர் எந்த புரோக்கரும் கூட்டி வந்தவராக இருக்கக் கூடாது. விற்பவர் நன்றாகத் தெரிந்தவர், விலையும் பேசியாயிற்று என்றால் புரோக்கரே தேவையில்லை, வக்கீல் போதும்.

குமாஸ்தா இப்போது கொளத்தூர்வாசி. "இனிமே யாராவது எவ்வளவு வரைக்கும் போவீங்கன்னு கேட்டா, டீயைக் குடிச்சிட்டுப் பேசாம எழுந்து வந்துடுவேன்!" என்கிறார் சிரித்தபடி.